வேலியில் நீலம்

பூங்கொடி என்றதும் மேலைநாட்டுத் தோட்டக்காரர் முதலிற் சொல்லும் பெயர் கிளெமாட்டிஸ் என்பதாகும். இங்கிலாந்தின் வோக்கிங் என்னும் ஊரில் ஜாக்மன் குடும்பத்தார் நடத்திய நாற்றுப் பண்ணையில், 1858ஆம் ஆண்டில் இரண்டு இனங்களை இணைத்து உண்டாக்கிய கலப்பினம் ஒன்று 1862இல் முதன்முதலாக ஊதா நிறத்திற் பூத்தது. அன்று தொடங்கிய மோகம் அந்நாட்டு வீட்டு வாயில்களில் இன்றும் குறையவில்லை. அக்கொடி தன் இலைக் காம்பையே விரலாக வளைத்துப் பற்றி ஏறும் இயல்புடையது. அதன் கால் நிழலிலும் தலை வெயிலிலும் இருத்தல் வேண்டும் என்பது அங்குள்ளோர் கைக்கொள்ளும் விதி.

கல்முனையிலும் அதனை அடுத்த மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களிலும் இக்கொடியை வளர்க்க முற்படுவோர் ஏமாற்றமே அடைவர். கடற்கரையிலிருந்து வயல்வெளி வரையுள்ள ஒடுங்கிய மணற்றரை, மாரி முடிந்த பின் நீண்டு செல்லும் வறட்சி, மேற்கிலிருந்து அனலென வீசும் கச்சான் காற்று, ஆகிய இவை மூன்றும் அக்குளிர்நாட்டுச் செடிக்கு ஒவ்வாதவை. ஆயினும் கிளெமாட்டிஸ் குடும்பத்துக்கு இலங்கை முற்றிலும் அந்நியமன்று. சிங்களத்தில் நரவெல் என வழங்கும் காட்டுக்கொடி அதன் நெருங்கிய உறவாகும். இலினேயசு என்னும் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் 1753இல் அதற்குப் பெயரிட்டபோது இலங்கையின் பெயரையும் அதனோடு சேர்த்து வைத்தார். பின்னர் அறிஞர் ஒருவர் சிங்களப் பெயரைக் கொண்டே நரவேலியா எனத் தனி இனமாக்க, அண்மைக்கால ஆய்வாளர் அதனை மீண்டும் கிளெமாட்டிஸ் இனத்துள்ளேயே அடக்கிவிட்டனர். எனினும் நரவெல் காட்டிற்கே உரியது. வீட்டு வளவுக்கு அழைத்து வரத்தக்க கொடி வேறொன்று உண்டு.

அது காக்கணங்கொடி. சங்குப்பூ என்றாலும் அதுவே. காக்கட்டான் என்ற பெயரைச் சில ஊர்களில் வேறு கொடிகளுக்கும் வழங்குவதால், பெயரை மட்டும் நம்பி விதை வாங்குதல் தகாது. பூவைக் கண்டு வாங்குதலே நன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்பெற்றுள்ள தொண்ணூற்றொன்பது பூக்களுள் கருவிளை என்பது நீலக் காக்கணத்தையும், செருவிளை என்பது வெண்காக்கணத்தையும் குறிக்கும் என்பர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான காலத்திலேயே தமிழர் இரு நிறங்களையும் வேறு பிரித்து இரு பெயர் வைத்திருந்தனர் என்பது நோக்கற்பாலது. மேனாட்டார் இதற்கு இட்ட பெயரிலோ தெர்னாத்தே என்னும் கிராம்புத் தீவின் பெயர் அமைந்திருக்கின்றது. தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் வேலிதோறும் படர்ந்த கொடி, இந்தோனேசியத் தீவொன்றின் பெயரால் உலகறியப்படுவது விந்தையே.

இப்பூவின் அமைப்பை உற்று நோக்குவோர் ஒரு புதுமையைக் காண்பர். அவரை, பயறு முதலியவற்றின் பூக்களில் அகன்ற பெரிய இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும். காக்கணம் அதே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அதன் பெரிய இதழ் கீழே கவிழ்ந்து, சிறு தட்டுப்போல் விரிந்திருக்கும். நடுவில் வெண்மையும் இளமஞ்சளும் கலந்த ஒரு கீற்று. சுற்றிலும் ஆழ்ந்த நீலம். பூ விரிவதற்கு முன்னரே பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்து விடுகின்றது. ஆகையால் நீலக்கொடியின் விதையில் நீலமும் வெண்கொடியின் விதையில் வெண்மையும் பெரும்பாலும் மாறாமல் வரும். வண்டுகள் அரிதான சந்துகளிலும் காய்க்குக் குறைவிராது.

வளர்க்கும் முறைக்கு வருவோம். விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே மண்ணிலிட்டால் சில விதைகள் பத்து நாளில் முளைக்கும். சில அடுத்த மாரி வரை கல்லைப்போற் கிடக்கும். இதனைத் தவிர்க்க, பருமணலோடு சேர்த்து விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, பின் ஓரிரவு நீரில் ஊறவிடுதல் வேண்டும். காலையில் ஊதிப் பருத்த விதைகளை மட்டும் எடுத்து நடலாம். பருக்காதவற்றை மீண்டும் தேய்த்து ஊறவைக்கலாம். ஒரு விரற்கணு ஆழம் போதுமானது. மாரி மழை வலுக்கும் முன்னர், ஐப்பசித் தொடக்கத்தில் நட்டால், மழை நீரே கொடியை வளர்த்துவிடும். சம்மாந்துறைப் பக்கத்துக் களிமண் நிலத்தில், நீர் நாட்கணக்கில் தேங்குமாதலின், சிறு மேடு கட்டி அதன்மேல் நடுதல் நல்லது. கடலோர மணலிலோ இவ்விடர் இல்லை. அங்கு இடர் கோடையில் வருகின்றது. வெண்மணல் நண்பகலிற் கால் வைக்க முடியாதவாறு கொதிக்கும். அப்போதுதான் மேலே கூறிய ஆங்கிலேயரின் விதி பயன்படுகின்றது. கொடியின் அடியிற் பழைய தும்பையோ, உமியையோ, உக்கிய கிடுகையோ பரப்பிவிட்டால் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும். தலை எவ்வளவு வெயிலையும் தாங்கும். குழியில் ஒரு கூடை மாட்டெருவும், பின்னர் இடையிடையே ஆட்டுப்புழுக்கையும் தவிர வேறு உரம் வேண்டியதில்லை. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகின்றன. தழையுரத்தை மிகுதியாக இட்டால் இலை செழிக்கும், பூ குறையும். பூத்து ஓய்ந்த கொடியை முழங்காலளவுக்கு வெட்டிவிட்டால், புதுத் துளிர் விட்டு மறுபடியும் பூக்கும். இதனை அறியாமல் வெட்ட மனமின்றி விட்டுவிடுவோர், மேலே வைக்கோற் பொதிபோல் உலர்ந்த தண்டுகளையும் கீழே வெறுங் காம்புகளையுமே காண்பர்.

ஒருகாலத்தில் இதற்குப் பந்தல் என ஒன்று தனியே வேண்டியிருக்கவில்லை. பூவரசங் கதியாலும் முள்முருக்கங் கதியாலும் நாட்டி, கிடுகு கட்டிய வேலிகளே ஒவ்வொரு வளவுக்கும் எல்லையாக இருந்தன. ஆண்டுக்கொரு முறை வேலி அடைக்கும்போது கொடியும் சேர்த்து ஒதுக்கிக் கட்டப்பட்டது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் சைவர்கள் இப்பூவைப் பறித்துப் பூசைக்கு எடுத்தனர். அடுத்த ஊர் முஸ்லிம் வீடுகளிலோ அது வேலிக்கு அழகாகவும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகவும் நின்றது. வேலியின் இப்புறம் விதை போட்டால் அப்புறமும் பூக்கும். வேலிக்குரியவர் யார் என்ற வழக்கு எழுந்தாலும், பூவுக்குரியவர் யார் என்று எவரும் வழக்கிட்டதாகத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை இக்கரையை எவ்வாறு சிதைத்தது என்பதை விரித்துரைத்தல் வேண்டா. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. வீடுகளோடு வேலிகளும், கிணற்றடி மரங்களும், வளவு என்னும் அமைப்புமே சில தெருக்களில் இல்லாதொழிந்தன. கிணறுகளில் உப்பு நீர் நிறைந்தது. கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென 2005இல் விதிக்கப்பட்டபோது, பலர் தம் பழைய காணியைத் தூரத்தே நின்று பார்க்கும் நிலைக்காளாயினர். பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் மீண்டும் எழுந்த வீடுகளுக்குக் கிடுகு வேலி வரவில்லை. சீமெந்துக் கற்சுவரே வந்தது. சுவர் உறுதியானது, களவுக்கும் மாட்டுக்கும் காவலானது என்பதை மறுப்பதற்கில்லை. நெருக்கம் மிகுந்த இவ்வூர்களில் மறைப்புத் தேடும் குடும்பங்களுக்கு அது வேண்டியதும் ஆகும். ஆனால் வழுவழுப்பான பூச்சுச் சுவரிற் காக்கணம் ஏறாது. அது கிளெமாட்டிசைப் போல இலைக்காம்பாற் பற்றுவதன்று. தண்டே சுற்றிச் சுற்றி ஏறுவது. சுற்றுவதற்கு மெல்லிய கம்போ கயிறோ இல்லையெனில் தரையிலேயே கிடந்து மிதிபடும். கொடி மறைந்தமைக்குக் கடல் காரணமாயிருந்த அளவுக்குச் சுவரும் காரணமாகும்.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. சுவரின் உச்சியிலும் அடியிலும் ஆணி அறைந்து, ஒரு சாண் இடைவெளியிற் கயிறு கட்டினாற் போதும். தும்புக் கயிறு ஓராண்டு தாங்கும். நைலோன் மீன்வலைத் துண்டு பல ஆண்டு தாங்கும், கரையோர ஊர்களில் அதற்குப் பஞ்சமுமில்லை. மாடி வீட்டுத் திட்டங்களிற் குடியேறியவர்களுக்கு ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை என்பது உண்மையே. எனினும் அடியில் துளையிட்ட பெயின்ற் வாளியொன்றில், மணலும் எருவும் சமமாகக் கலந்து, இரண்டு விதை போட்டால் முன்பலகணிக் கம்பிகள் ஒரு கோடைக்குள் மூடிவிடும். வாளியில் வளரும் கொடிக்கு நாள்தோறும் நீர் வேண்டும். நிலத்து வேரைப்போல் ஆழம் சென்று நீர் தேட அதற்கு வழியில்லை.

இனிப் பயன். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் நாசி கெராபு என்னும் நீலச் சோறு பெயர்பெற்றது. அந்நீலம் இப்பூவின் சாறே. கல்முனைச் சமையலறையில் அரிசி மாவைக் குழைக்கும் நீரில் ஒரு கைப்பிடிப் பூவை ஊறவைத்து வடித்தால், இடியப்பம் வானின் நிறம் பெறும். பூவைக் காலையிற் பறித்து, பச்சைப் புல்லியை நீக்கி, சுளகிற் பரப்பி நிழலில் உலர்த்திப் போத்தலில் இட்டு வைக்கலாம். ஏழெட்டுப் பூ ஒரு குவளை வெந்நீருக்குப் போதும். நோன்பு துறக்கும் வேளையில், சீனி கலந்த அந்நீல நீரில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால், சிறுவர் கண்முன்னே நீலம் ஊதாவாகி, ஊதா இளஞ்சிவப்பாக மாறும். ஒன்று மட்டும் சொல்லி வைத்தல் வேண்டும்: இப்பூவுக்கு வாசனையுமில்லை, சொல்லத்தக்க சுவையுமில்லை. அது தருவது நிறம் ஒன்றே. கடையில் உயர்ந்த விலைக்கு வாங்கும் நீலத் தேயிலைப் பொடியும் இதுவேயன்றி வேறன்று.

நிறமாற்றத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள். அமிலத்திற் சிவப்பையும் காரத்திற் பச்சையையும் நாடுவது அதன் இயல்பு. பாசிச்சாயத்தாள் தீர்ந்துபோன பாடசாலைகளுக்கு இது பெருந்துணையாகும். வடிதாளைப் பூச்சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தி, கீலங்களாக வெட்டி வைத்தால், புளி, வினாகிரி, சவர்க்கார நீர், சாம்பல் நீர், சுண்ணாம்புத் தெளிவு ஆகிய யாவற்றையும் மாணவர் தாமே சோதித்தறியலாம். நூலில் அச்சிட்ட அட்டவணையை மனனஞ் செய்யும் மாணவனுக்கும், தன் வீட்டுச் சுண்ணாம்பு பூவின் நீலத்தைப் பச்சையாக்குவதைக் கண்ட மாணவனுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் எவரும் அறிவர்.

ஆனால் மருதமுனைக் கைத்தறிக்கு இந்நீலம் உதவாது. அது வெயிலில் வெளிறும், சவர்க்காரத்தில் நிறம் மாறும். நெசவுக்கு நீலம் தந்தது அவுரிச் செடி. இரண்டும் ஒரே குடும்பத்தவையாயினும் அவற்றின் நீலங்கள் முற்றிலும் வெவ்வேறானவை.

மருந்து என்ற பேச்சு இப்பொழுது மிகுந்துவிட்டது. நீரிழிவுக்கு நீலத் தேநீர் கைகண்ட மருந்தெனக் கேட்டு, வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிட எண்ணுவோரும் உளர். இது ஆபத்தான எண்ணம். தாய்லாந்தில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சீனியோடு இப்பூச்சாற்றை அருந்தியவர்களின் குருதியிற் சீனி ஏற்றம் சிறிது குறைந்தது என்பது உண்மை. ஆனால் அதில் ஈடுபட்டோர் பதினைந்து ஆண்கள். அவர்களுள் நீரிழிவு நோயாளர் ஒருவரும் இலர். அளந்ததும் சில மணி நேர விளைவையே. அதனைக் கொண்டு ஒரு நோயாளி தன் குளிசையைக் கைவிடலாமா? அமெரிக்க அரசு 2021இல் இப்பூச்சாற்றை உணவுக்குரிய நிறமூட்டியாக ஏற்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்போ, உலர்ந்த பூவைப் பற்றி 2022இல் ஐயம் எழுப்பியது. இத்தாவரத்தில் உள்ள சைக்கிளோற்றைட்டு என்னும் புரதச் சிறுகூறுகளின் விளைவு தெளிவுபடவில்லை என்பதே அதற்குக் காரணம். அதே சிறுகூறுகள் பூச்சிகளுக்கு எதிராகச் செயற்படுவதால், ஆஸ்திரேலியாவில் இக்கொடியின் சாறு பருத்திப் பயிருக்குப் பூச்சிகொல்லியாகத் தெளிக்கப்படுகின்றது. விதையும் வேரும் வயிற்றை இளக்குபவை என நாட்டு வைத்தியர் முன்னரே அறிந்திருந்தனர். ஆதலின் காய்களைச் சிறுபிள்ளைகள் வாயிலிடாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்த்தலே நலம். எப்போதாவது இடியப்பத்துக்கு நிறமூட்டுவதும், நாள்தோறும் மருந்தெனக் குடிப்பதும் ஒன்றல்ல.

மனிதரைவிட ஆடுகளுக்கு இக்கொடியிற் பற்று மிகுதி. ஆஸ்திரேலியாவில் இதனைக் கால்நடைத் தீவனமாகவே விதைக்கின்றனர். தெருவில் ஆடு திரியும் ஊர்களில், இளங்கொடிக்கு முதலிரண்டு மாதம் முட்கிளையால் காவலிடாவிடின் மறுநாட்காலையில் வெறுந் தண்டே எஞ்சும். கொடி இடுப்பளவு உயர்ந்த பின்னர் அஞ்ச வேண்டியதில்லை. கீழே ஆடு கடித்ததை மேலே துளிர் ஈடுசெய்துவிடும்.

காய் மஞ்சளித்துக் கபில நிறமாகும்போதே பறித்துவிடல் வேண்டும். முற்ற உலர்ந்தபின் அது முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறிவிடும். ஒரு காயில் ஆறு முதற் பத்து விதை வரை இருக்கும். நீலத்தையும் வெள்ளையையும் வேறு வேறு கடதாசியிற் பொதிந்து, பெயரெழுதி, காற்றுப் புகாத போத்தலில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கு ஆகும். மிஞ்சியதை அயல் வீட்டுக்குக் கொடுக்கலாம்.