வரைபடத்தில் நான்கு மணி நேரம், வானத்தில் ஒன்றரை மணி நேரம்



நார்வே நாட்டின் வடகோடியில் டிரம்சோ என்றொரு நகரம் இருக்கிறது. அதற்கும் வடக்கே, ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். அங்குள்ள ஊர் லாங்இயர்பியன். கடல் உறையும் மாதங்களில் கப்பல் போகாத அந்த ஊரை, 1975இல் திறக்கப்பட்ட விமான நிலையம்தான் ஆண்டு முழுவதும் வெளியுலகத்தோடு இணைத்தது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம்? இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

மெர்கேட்டர் முறையில் வரைந்த உலகப்படத்தில் ஒரு மாணவர் அளவுகோலை வைக்கிறார். கன்னியாகுமரி முதல் இந்தியாவின் வடமுனை வரை எத்தனை சென்டிமீட்டரோ, அநேகமாக அத்தனை சென்டிமீட்டர் இங்கும் வருகிறது. இந்தியாவின் வடக்கு தெற்கு நீளம் 3,214 கி.மீ. அப்படியானால் இதுவும் சுமார் 3,200 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்றால் பயண நேரம் 4 மணி. வகுத்தல் சரி. ஆனால் விமான அட்டவணையில் இருப்பதோ சுமார் 1 மணி 40 நிமிடம்!

இந்த விடைக்கு நாம் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகரக் கூடாது. பிள்ளை சரியாகத்தான் அளந்தார். பிழை படத்தில் இருக்கிறது. துருவத்தை நோக்கி நெருங்கி வரும் தீர்க்கக்கோடுகளை மெர்கேட்டர் படம் இணைகோடுகளாக விரித்துவிடுகிறது. திசை மாறாதிருக்க, வடக்கு தெற்காகவும் அதே அளவு இழுக்கிறது. கடலோடிகளுக்கு 1569இல் அது பெரிய உதவி. தூரம் அளக்க உதவாது. நம் கைப்பேசி வரைபடங்கள் பலவும் இம்முறையை ஒட்டியவையே.

இனி புவி மாதிரியை எடுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள மாதிரியின் சுற்றளவு சுமார் 94 செ.மீ.; அது 40,000 கி.மீ.க்குச் சமம். நூலை வைத்து அளந்தால் இந்தியா ஏறத்தாழ ஏழரை செ.மீ. டிரம்சோ–லாங்இயர்பியன் இரண்டேகால் செ.மீ.தான்.

கணக்கிட்டும் பார்க்கலாம். இரு ஊர்களின் அட்ச வேறுபாடு சுமார் 8.6 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால் 955. சிறிதளவு கிழக்கு மேற்கு விலகலையும் சேர்த்தால் ஏறத்தாழ 960 கி.மீ.

960ஐ 800ஆல் வகுத்தால் 1 மணி 12 நிமிடம். மீதி அரை மணி எங்கே போயிற்று? ஓடுபாதை வரை ஊர்வதும், மேலேறுவதும், இறங்குவதும் அந்த வேகத்தில் நடப்பதில்லை. அட்டவணை நேரம் அவற்றையும் சேர்த்தது. 'சீரான வேகம்', 'சராசரி வேகம்' என்ற இரண்டு சொற்களின் வேறுபாடு இங்கே தானாகவே விளங்கிவிடும்.

விடை பொருந்தாதபோது, "கணக்கு தவறா, கருவி தவறா?" என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். அதற்கு ஒரு நூலும் ஒரு புவி மாதிரியும் போதும். அலமாரியில் இருப்பதை வகுப்புக்குக் கொண்டு வருவோம்.