சிந்தாத குவளை
(பத்தாம் ஆண்டு விழாப் பேருரை)



ஒரு நூலின் வழியே மற்றொரு நூல் பிறக்கும் முறையைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நான்காகப் பகுக்கிறது தொல்காப்பிய மரபியல். ஏட்டுக்கு வகுத்த அவ்விலக்கணம் திரைக்கும் பொருந்துமா என ஆராய, ஜப்பானிய ஓவியக்கதை ஒன்று தக்க சான்றாகிறது.

சூயிச்சி சிகெனோ வரைந்த ‘இனிஷியல் டி’ 1995 முதல் 2013 வரை வார இதழில் வெளிவந்து, 48 தொகுதிகளாக வளர்ந்தது. 1998இல் அது அசைவோவியத் தொடராயிற்று. 2005இல் ஹாங்காங் இயக்குநர்கள் ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் நடிகர்களைக் கொண்டு அதனைத் திரைப்படமாக்கினர்.

கதை எளியது. டக்குமி என்னும் இளைஞனின் தந்தை, சோயாப் பாலைத் திரட்டிச் செய்யும் டோஃபு விற்பவர். விடியுமுன் மலைமேல் உள்ள விடுதிக்கு அதனைப் பழைய டொயோட்டா வண்டியில் கொண்டு சேர்ப்பது மகனின் கடமை. சரக்கு சிதையாதிருக்க, வண்டியில் ஒரு குவளை நீரை வைத்து அனுப்புகிறார் தந்தை. அந்நீர் சிந்தலாகாது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை அறிந்த இவ்வட்டாரத்தார்க்கு அதன் அருமை விளங்கும். விலையுயர்ந்த வண்டிகளில் புகழ்தேடி வந்தோர் அவனிடம் தோற்கின்றனர். அவன் திறமை பந்தயத்தில் பிறந்ததன்று. அன்றாட உழைப்பில் விளைந்தது.

பெருங்கதையை இரண்டு மணிக்கும் குறைந்த நேரத்தில் அடக்கியமையால் படம் தொகுத்தல் ஆயிற்று. பாத்திரங்கள் காண்டனீஸ் மொழி பேசினும், ஊரும் பெயரும் கடையும் ஜப்பானுக்கே உரியனவாக நின்றன. டக்குமியாக நடித்த தைவான் பாடகர் ஜே சௌவின் அடக்கமும் பாத்திரத்திற்கு இயைந்தது.

பிழைபட்ட இடம் ஒன்று உண்டு. ஓவியக்கதையின் தந்தை அதிகம் பேசாதவர். அவரது மௌனமே மகனுக்குப் பாடம். படத்தில் அவர் குடித்துவிட்டு மகனை அடிப்பவர். அவ்வேடத்திற்கு அந்தோணி வோங் 2005இல் தைவானின் பொற்குதிரை விருது பெற்றார். நடிப்பு சிறந்தது, ஆயினும் அரங்கில் நகைப்பு எழுந்த இடத்தில் ஆசிரியர் மறைந்துவிட்டார்.

மாற்றம் குற்றமா? அன்று. வான்மீகியில் இல்லாத வகையில், மணத்திற்கு முன்னரே இராமனும் சீதையும் மிதிலையில் எதிர்நோக்கும் காட்சியைக் கம்பர் அமைத்தார். தமிழ்க் களவு மரபு அதனால் காப்பியத்துள் புகுந்தது. காதலும் ஆழம் பெற்றது. அம்மாற்றம் மூலத்தின் உயிரை வளர்த்தது. தந்தையைக் குடிகாரனாக்கிய மாற்றம் அதனைக் குறைத்தது. எனினும் குவளையைப் படம் கைவிடவில்லை. அதனாலேயே கதை பிழைத்தது.

பந்தயத்தை மட்டும் கண்டு, குவளையைக் காணாத இளைஞர் பொதுச்சாலையில் உயிரிழக்கின்றனர். பிறமொழிக் கவிதையின் சொற்களை மட்டும் பெயர்க்கும்போது கவிதையும் அவ்வாறே இறக்கிறது. பழங்கதையைப் புதுக்கவிதையாக்க முனையும் இவ்வவைக் கவிஞர்கள், மூலத்தில் சிந்தக்கூடாதது எது என முதலில் தேர்தல் வேண்டும். பிறவற்றை மாற்றும் உரிமை அதன்பின் வரும்.