பூட்டில் விழுந்த கீறல்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறும் ஒருவரின் கையைச் சற்றே கவனித்தல் வேண்டும். அலையில் படகு தூக்கிப்போடுகையில் அக்கை தானாகவே படகின் விளிம்பைப் பற்றுகிறது. அப்பொழுது பலகையில் முதலில் உராய்வது, மணிக்கட்டின் அடிப்புறத்தே கிடக்கும் கைமணிக்கூட்டுப் பட்டியின் பூட்டேயாகும். மரப்பலகை உருக்கைக் கீறுமோ என்று வினவலாம். பலகை கீறுவதில்லை, அதில் ஒட்டியிருக்கும் மணலே கீறுகிறது. மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1812ஆம் ஆண்டில் வகுத்த கடினவளவையில், மணலிலுள்ள படிகக்கல் ஏழாம் படியில் நிற்கிறது. பட்டிகள் செய்யப்படும் கறையில் உருக்கு அதற்குக் கீழ்ப்பட்டது. நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருக்கும் பவளக் கற்கள் பார்வைக்குக் கரடுமுரடானவை. எனினும், அவற்றைக் காட்டிலும் அஞ்சத்தக்கது இந்தச் சிறு மணற்பருக்கையே.

தீவக இல்லங்கள் பலவற்றிலே கைமணிக்கூடு நேரம் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. தந்தை விட்டுச்சென்றதாகவோ, கடல் கடந்து வாழும் பிள்ளை அனுப்பியதாகவோ அஃது இருக்கும். ஆதலின் கீறல் கண்டதும் மனம் பதறுகிறது. பதறிய கை சாம்பலையும் புளியையும் தேடுகிறது. குத்துவிளக்கின் பித்தளையிலே களிம்பு படிந்திருக்கும். புளி அதனைக் கரைக்கும். கீறலோ படிந்த அழுக்கன்று; உலோகத்தில் உழுத சால். சாலை மறைப்பதாயின் அதன் இரு கரைகளையும் தேய்த்துத் தாழ்த்துவதன்றி வேறு வழி இல்லை. தேய்ந்துபோன உலோகம் மீண்டும் வளராது. எனவே எவ்வளவு தேய்ப்பது என்பதைக் காட்டிலும், தேய்க்கத்தான் வேண்டுமா என்பதே முதற் கேள்வி.

நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் கீறல் மேலோட்டமானது, வீட்டிலேயே நீக்கலாம். நகம் இடறி நின்றால் அதனை மணிக்கூடு திருத்துபவரிடம் விடுவதே நன்று. அன்றி, அப்படியே விட்டுவிடினும் குறைவில்லை. பொன்முலாம் பூசிய பூட்டினைத் தேய்க்கவே கூடாது. முலாம் மிக மெல்லியது. சிறிது தேய்த்தாலும் அடியிலுள்ள உலோகம் பல்லிளிக்கும்.

தேய்ப்பதென்று துணிந்தபின் முதல் வேலை கழுவுதல். இளஞ்சூடான சவர்க்கார நீரிலே பூட்டைத் திறந்து, பழைய பற்தூரிகையால் இடுக்குகளைத் துலக்குதல் வேண்டும். மணிக்கூடு நீர் புகாததென்று உறுதியில்லையாயின், பட்டியைக் கழற்றிக்கொண்டே இதனைச் செய்தல் வேண்டும். மணல் இருக்கும்போதே தேய்த்தால் ஒரு கீறலை நீக்கப் பத்துக் கீறல் உண்டாகும்.

அடுத்து, பூட்டின் மெருகு எத்தகையது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். நுண்ணிய கோடுகள் ஒரே திசையில் ஓடுமாயின், பாத்திரம் துலக்கும் புதிய பச்சைத் தேய்ப்பான் போதும். கோடுகள் ஓடும் திசையிலேயே, அழுத்தாமல், நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கோட்டு மெருகு கலங்கி, இருந்த கீறலே அழகென்று தோன்றிவிடும். கண்ணாடிபோல் மின்னும் பகுதியாயின் தேய்ப்பான் அதனருகே வரலாகாது. பழைய வேட்டித் துண்டில் பிராசோ போன்ற உலோக மெருகுக் குழம்பைத் துளியளவு தொட்டுத் துடைத்தல் தகும். ஒரே பூட்டில் இரு மெருகும் இருப்பின், ஒன்றைத் தேய்க்கும்போது மற்றதை ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். பொறித்த எழுத்துகளையும் அவ்வாறே மூடுவது நன்று. சாதாரண இரும்புக் கம்பிச் சுருள் ஆகாது. அதன் துகள்கள் உருக்கிலே பதிந்து பின்னர் துருப்பிடிக்கும்.

பூட்டின் நாக்கையும், அது கவ்வும் பள்ளத்தையும் மட்டும் ஒருபோதும் தேய்க்கலாகாது. அவை ஒன்றையொன்று கவ்வுவது மயிரிழை அளவிலான பொருத்தத்தினாலே. அந்த மயிரிழை தேய்ந்தால் பூட்டு பளபளக்கும், ஆனால் பிடிக்காது. நெடுந்தீவுக்குச் செல்லும் நீண்ட கடல்வழியிலே மணிக்கூடு நழுவினால், அது போனதுதான்.

கீறலுக்கு அஞ்சுவோர் உப்பைக் கவனிப்பதில்லை. கறையில் உருக்கைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு கூடி உண்டாக்கும் மெல்லிய படலம். தேய்க்கையில் அது கிழிந்தாலும், தூய்மையான உருக்கின்மேல் தானாகவே மீண்டும் உருவாகும். ஆனால் பூட்டின் மடிப்புக்குள் கடலுப்பும் வியர்வையும் தேங்கினால், அங்கே காற்று எட்டாது. படலம் சிதைந்து சிறு குழிகள் விழும். குழியை மெருகுக் குழம்பு நீக்காது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கிணறுகள் பல உவர்நீர் தருவன. ஆதலின் கடைசி அலசலுக்குச் சேமித்த மழைநீரோ நல்ல தண்ணீரோ கொள்வது சிறந்தது. பின்பு மென்துணியால் ஒற்றி, பூட்டைத் திறந்தபடியே நிழலில் உலரவிட வேண்டும். உலர்ந்ததும் பாயின்மேல் பிடித்துப் பூட்டி, இருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே அதனைக் கையில் கட்டிக்கொண்டு படகுத்துறைக்குச் செல்லலாம்.