ஃபாரடேயின் முதல் ஆசிரியை

லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை ஒன்று. அங்கே வேலை பழகிய ஓர் ஏழைப் பையன், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தான். அவற்றில் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதியது. ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல வேதியியலைச் சொல்லும் நூல். 1806-இல் வெளிவந்தபோது அதில் அவர் பெயர்கூட இல்லை.

பையன் படித்ததோடு நிற்கவில்லை. கையிலிருந்த சில்லறைக்கு ஏற்ற சோதனைகளைச் செய்தும் பார்த்தான். அந்தப் பையன்தான் மைக்கேல் ஃபாரடே! 1831-இல், காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கிக் காட்டியவர். இன்றைய ஜெனரேட்டர்கள் இயங்குவது அந்தத் தத்துவத்தில்தான். மார்செட்டைத் தம் முதல் ஆசிரியையாக அவர் கடைசிவரை போற்றினார்.

உங்களுக்குத் தெரிந்த அறிவியலை எளிய தமிழில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கேட்பவர்களில் ஒரு ஃபாரடே இருக்கலாம்.