உப்பு வயலும் எண்ணும் பொறியும்

புத்தளம் களப்பின் ஓரத்தே விரிந்து கிடக்கும் உப்பளங்களில் கடல்நீரும் கதிரவனும் காற்றும் கூலி வாங்காது உழைக்கின்றன. அவற்றை ஆளும் அறிவே தொழிலாளனின் கைம்முதல். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 3.5 பாகை. பாத்திக்குப் பாத்தி மாறி வற்றி, 25 பாகையை அடையும்போது உப்புப் பூக்கின்றது. 30ஐ நெருங்கினாலோ மகனீசிய உப்புக்கள் கலந்து விளைவு கசந்துபோம்; அதற்குமுன் நீரை வடித்துவிடல் வேண்டும். இதனை நீரமானி காட்டும். பழகிய கண்ணும் காட்டும்.

இவ்வேலையைப் பொறியிடம் ஒப்புவிக்கலாகுமா? அடர்த்தியை அளக்கும் உணரிகளும், மதகைத் திறக்கும் மின்விசையும், மழைக்குறியை ஆராய்ந்து முடிவுகூறும் செயற்கை நுண்ணறிவும் இன்று உலகில் உள்ளனவே. முன்னறிவிப்பின் பெறுமதியும் சிறிதன்று. மழை மிகுதியால் விளைவு குன்றவே, கடல் சூழ்ந்த இத்தீவு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. விந்தையன்றோ!

ஆயினும், பொறி வெறுமனே கற்பதில்லை. ஆண்டுக்கணக்கான குறிப்புக்களைக் கொண்டே கற்கும். எந்நாளில் எப்பாத்தி எத்தனை பாகை என்னும் கணக்கு ஏட்டில் இல்லாவிடத்து, முதிய தொழிலாளியின் நினைவில்தான் இருக்கும். அதைக் கேட்டெழுதிக் கொள்பவர் அவருக்கு அளிப்பது யாது? மதகைப் பொறி திறக்கலாம். கொதிக்கும் வெயிலில் உப்பை வாரிச் சுமப்பது அவருக்கே எஞ்சக்கூடும். அப்போது அறிவுக்குரிய கூலி நின்று, தோளுக்குரிய கூலி மட்டுமே மிஞ்சும்.

பொறிக்கு முன்னர் வேண்டுவது ஒரு குறிப்பேடு. அதில் அளந்தவர் பெயரும் எழுதப்படுதல் நன்று.