வழி தவறிய பின் மீள்வது



வெள்ளிவிழா மேடையில் தானே ஓடும் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் பேச வந்தது கல்வியைப் பற்றித்தான். மாணவன் இங்கே ஓர் இயந்திரம், அவ்வளவே.

அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1980களின் இறுதியில் டீன் பொமர்லோ என்னும் ஆராய்ச்சி மாணவர் 'ஆல்வின்' என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பை உருவாக்கினார். காமிரா காணும் சாலை 960 புள்ளிகளாகச் சுருக்கப்பட்டு அதற்குள் செல்லும். எப்பொழுது எப்படித் திருப்புவது என்று எவரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. மனிதர் ஒருவர் ஓட்டுவதைக் கண்டு, 5 நிமிடத்துக்குள் அது ஸ்டியரிங்கைத் திருப்பக் கற்றது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. நல்ல ஓட்டுநர் தம் தடத்திலிருந்து பிசகுவதில்லை. ஆகவே ஓரத்துக்கு விலகிவிட்டால் மீள்வது எவ்வாறு என்பதை அம்மாணவன் கண்டதே இல்லை! வேண்டுமென்றே தாறுமாறாக ஓட்டிக் காட்டலாம், அது ஆபத்து. அன்றியும், மாணவன் அந்தத் தாறுமாற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்வான். பொமர்லோ வேறு வழி கண்டார். ஒவ்வொரு படத்தையும் கணிப்பொறிக்குள்ளேயே நகர்த்தி, வண்டி விலகி நிற்பது போன்ற மேலும் 14 படங்களை ஆக்கினார். ஒவ்வொன்றோடும் தடத்துக்குத் திரும்பும் வழியையும் இணைத்துக் காட்டினார்.

நேர்ச்சாலையிலேயே நெடுநேரம் சென்றால் வளைவுகளை அது மறந்துவிடும். அதற்காகப் பழைய படங்கள் 200ஐக் கைவசம் வைத்து மீண்டும் மீண்டும் காட்டினார். நாம் திருப்புதல் என்று சொல்வதும் இதுதானே! பின்னர் பிட்ஸ்பர்க்கின் வடக்கே பொதுச் சாலையில் அது 90 மைலுக்கு மேல் ஓடியது. மணிக்கு 70 மைல் வேகத்தையும் எட்டியது.

இதனைப் படித்த அன்று என் வகுப்பறையை எண்ணி நாணினேன். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் சரியான விடையை மட்டுமே எழுதிக் காட்டினேன். கணக்கில் ஒரு படி தவறிய பிள்ளை எந்த இடத்தில் தவறினான், அங்கிருந்து எப்படித் திரும்புவது என்று காட்டவில்லை. படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அதனைக் காட்ட அண்ணனோ தந்தையோ உண்டு. நம் பிள்ளைக்கு முன்னே சென்றவர் எவருமில்லை. ஒரு தேர்வில் தோற்றவுடன், 'நமக்குப் படிப்பு ஏறாது' என்று ஊரார் சொல்வதை அவனும் நம்பிவிடுகிறான். அப்படிப் போன பிள்ளைகளின் பெயர்கள் என் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் அடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. அடித்த கை என்னுடையது.

இளைஞர்களே, அரையாண்டுத் தேர்வின் விடைத்தாளை வீட்டில் ஒளித்து வைத்திருப்போர் அதனை எடுத்துக்கொண்டு சங்கத்தின் மாலை வகுப்புக்கு வாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணி முதல் நான் அங்கிருப்பேன்.