கடல் கடக்குமுன் கடதாசியைப் படிப்போம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சிவனொளிபாத மலைக்கு நமது இரத்தினபுரிப் பக்கமாகவும் ஏறலாம். அட்டன் பக்கமாகவும் ஏறலாம். முன்னது நீண்ட வழி. பின்னது குறுகிய வழி. எந்த வழியால் ஏறினாலும் தரிசனம் ஒன்றுதான். வெளிநாட்டுப் பயணமோ அப்படிப்பட்டதன்று. எந்த வழியால் நுழைந்தோமோ, அந்த வழியே அங்கு நமக்குள்ள உரிமையைத் தீர்மானிக்கிறது. அந்த வழிக்குத்தான் விசா என்று பெயர்.

ஒரு கடதாசி ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நமது முன்னோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

பங்கிடப்பட்டவர்களை யாரும் கலந்து பேசவில்லை. இந்தியாவுக்கா, இலங்கைக்கா என்று விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத பலர், பிறர் நிரப்பிய பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களிற் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். 1984 இல் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு லயத்திலேயே தங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமேயாகும்.

அன்பர்களே! வெளிநாடு போகவேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. தேயிலையும் றப்பரும் தரும் நாட்கூலி எவ்வளவென்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று நம் பாட்டன்மாருக்கு இல்லாத தேர்வு இன்று உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தரகன் கையிற் கொடுத்துவிடாதீர்கள்.

"முதலில் விசிட் விசாவிற் போ, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருவார்கள்" என்று சொல்பவனை நம்பாதீர்கள். சுற்றிப் பார்க்கவென்று போனவன் அங்கே தொழில் செய்தால், சட்டத்தின் கண்ணில் அவன் குற்றவாளி. சம்பளம் கிடைக்காவிட்டாலும் முறையிடத் துணியமாட்டான். தாயின் தோட்டை அடகு வைத்து வாங்கிய கடனுக்கோ இங்கே வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

நேர்வழிகள் உண்டு. கொரியாவிற் தொழில் பெற, 2004இல் இரு அரசுகளும் செய்த உடன்படிக்கைப்படி, மொழிப் பரீட்சை எழுதி வேலைவாய்ப்புப் பணியகத்தின் மூலமே போகலாம், தரகன் தேவையில்லை. ஜப்பான் 2019இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசாவுக்கு மொழியும் தொழிற்றிறனும் வேண்டும். அதன் முதற் பிரிவில் ஐந்தாண்டு வரை இருக்கலாம், ஆனால் மனைவி மக்களை அழைத்துச் செல்ல இயலாது. மாணவர் விசாவிற் போகிறவர், அது படிப்பதற்கே தரப்பட்டது என்பதை மறக்கலாகாது. வேலை செய்யும் நேரத்துக்கு வரம்புண்டு. வழி நீளமானதென்று அஞ்சாதீர்கள்; மொழி படிக்கும் ஓராண்டு வீணான ஓராண்டன்று.

கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது எந்த விசா? எசமான் யார், சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? வேலை பிடிக்காவிட்டால் எசமானை மாற்ற முடியுமா? முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விடை கிடைக்கும். தொழிலுக்குப் போகிறவர் புறப்படுமுன் பணியகத்திற் பதிந்துகொள்வதும் சட்டப்படி கடமை.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள், பூசை முடிந்தபின், படித்த வாலிபர்கள் கோயில் மண்டபத்தில் அமரட்டும். பயணம் போகிறவர்கள் தங்கள் கடதாசிகளைக் கொண்டுவரட்டும். ஒவ்வொரு வரியையும் தமிழிற் படித்துச் சொல்லுங்கள். அன்னதானத்துக்கு ஒப்பான தானம் அது. இனி நம் தோட்டங்களில் எவரும் படியாத பத்திரத்திற் கையெழுத்து வைக்கலாகாது.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் பயணத்துக்குத் துணை நிற்பானாக.